எலியிடமிருந்து வந்த பெயர்: கால்சிஃபைலாக்சிஸ் நோயின் வரலாறு

1961ஆம் ஆண்டின் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் இரண்டு பக்க ஆய்வுக்குறிப்பு ஒன்று வெளியாயிற்று. எழுதியவர்கள் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் செல்யேயும் அவருடைய உடனாய்வாளர்கள் இருவரும். வைட்டமின் டி போன்று செயற்படும் மருந்தொன்றை எலிகளுக்கு முதலில் கொடுத்து, சிறிது இடைவெளிக்குப் பின் வேறொரு தூண்டலுக்கு உட்படுத்தினால், அவற்றின் தோல் சுண்ணாம்பேறி இறுகி, பாம்பு சட்டை உரிப்பதுபோல் முழுதாகக் கழன்று விழும் என்பது அக்குறிப்பின் செய்தி. கழன்ற தோலுக்கு அடியில் புதுத்தோல் வளர்ந்திருந்தது. இந்நிகழ்வுக்குச் செல்யே 'கால்சிஃபைலாக்சிஸ்' என்று பெயரிட்டார்.

இன்று அதே பெயர் முற்றிய சிறுநீரக நோயாளிகளிடம் காணப்படும் கொடிய தோல்நோய் ஒன்றைக் குறிக்கிறது. தொடை, வயிறு, மார்பகம், பிட்டம் ஆகிய இடங்களில் தாங்கவியலாத வலி தொடங்கும்; தோலில் ஊதாநிற வலைக்கோடுகள் படரும்; பின்னர் அவ்விடம் கறுத்து அழுகிப் புண்ணாகும். நோய் கண்டறியப்பட்டு ஓராண்டுக்குள் பாதிப்பேர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் இறந்துவிடுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எலிக்கு நேர்ந்தது தோலுரிப்பு. மனிதனுக்கு நேர்வது தோலின் மரணம். இவ்விரண்டும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டது எங்ஙனம் என்பதும், அதனால் விளைந்தது என்ன என்பதும் சிறுநீரக மருத்துவத்தின் வரலாற்றோடு பிணைந்தவை.

1. இயந்திரத்திற்கு முந்தைய காலம்

சிறுநீரக நோயை ஒரு தனிநோயாக மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். 1827இல் அவர் வெளியிட்ட நூல், உடல் வீக்கம், சிறுநீரில் வெளியேறும் புரதம், சிதைந்த சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டியது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 'பிரைட் நோய்' என்பது பெரும்பாலும் மரணத்தின் மறுபெயராகவே இருந்தது.

அக்கால மருத்துவர்கள் நோயாளியின் தோலைக் கூர்ந்து நோக்கினர். இரத்தத்தில் தேங்கிய யூரியா வியர்வையோடு வெளியேறி, நீர் உலர்ந்தபின் முகத்திலும் மார்பிலும் வெண்பொடியாகப் படியும். 'யூரியா உறைபனி' எனப்பட்ட இக்காட்சியை 1865இல் டென்மார்க் மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ருங் விவரித்தார். அது தோன்றியபின் நோயாளிக்கு எஞ்சியிருப்பது சில நாட்களே.

சுண்ணாம்பு பற்றிய அறிவும் அதே காலத்தில் பிறந்தது. நோய்க்கூற்றியலின் தந்தை எனப்படும் ருடால்ஃப் ஃபிர்ச்சோ, 1855இல், எலும்பு அழிந்துகொண்டிருந்த நோயாளிகளின் உடலைப் பகுத்து ஆராய்ந்தபோது, அவர்களுடைய நுரையீரலிலும் இரைப்பையிலும் சுண்ணாம்பு படிந்திருப்பதைக் கண்டார். எலும்பிலிருந்து கரைந்த சுண்ணாம்பு மென்திசுக்களில் குடியேறுகிறது என அவர் கருதினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரையன்ட், வைட் என்னும் இரு மருத்துவர்கள் சிறுநீரகம் கெட்ட ஆறு மாதக் குழந்தையொன்றின் தமனிகளில் சுண்ணாம்பேறியிருந்ததைப் பதிவு செய்தனர். இந்நோய்க்கு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இப்பதிவிலிருந்தே தொடங்குகின்றனர்.

ஆயினும் இவை அரிய குறிப்புகளாகவே நின்றன. காரணம் எளிது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர் சில வாரங்களில் இறந்துவிடுவார். இரத்தநாளங்களில் சுண்ணாம்பு மெல்ல மெல்லப் படிந்து தோலைக் கொல்லும் அளவிற்கு வளர ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகள் அன்றைய நோயாளிக்கு இல்லை.

2. இயந்திரம் தந்த ஆண்டுகள்

அந்த ஆண்டுகளைத் தந்தது டயாலிசிஸ். நாஜிகளின் பிடியிலிருந்த நெதர்லாந்தின் கம்பன் நகரில், 1943இல், வில்லெம் கோல்ஃப் மரச்சட்ட உருளையொன்றில் செல்லோஃபேன் குழாயைச் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். அது இறைச்சிக்கூழ் அடைக்கப் பயன்பட்ட குழாய். முதலில் அவரிடம் வந்த நோயாளிகளுள் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். 1945இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் நினைவு திரும்பிப் பிழைத்தார். எனினும் இக்கருவி தற்காலிகச் செயலிழப்புக்கே உதவியது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தமனியையும் சிரையையும் திறக்க வேண்டியிருந்ததால், நிரந்தரமாகச் சிறுநீரகம் இழந்தவரை அதனால் காக்க இயலவில்லை.

அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் இத்தடையைத் தகர்த்தார். டெஃப்லான் குழாயாலான 'ஷன்ட்' என்னும் இணைப்பை நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தி, 1960 மார்ச்சில் கிளைட் ஷீல்ட்ஸ் என்பவருக்குத் தொடர் டயாலிசிஸ் தொடங்கினார். அவர் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்து 1971இல் மாரடைப்பால் இறந்தார். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் பிரேசியாவும் சிமினோவும் தமனியையும் சிரையையும் அறுவை மூலம் இணைக்கும் 'ஃபிஸ்டுலா' முறையை வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் நோயாளிகளின் கையில் அதிர்வது அந்த ஃபிஸ்டுலாவே. இந்தியாவில் 1960களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டயாலிசிஸ் தொடங்கியது. 1971இல் அங்கேயே நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும் நடந்தது.

இயந்திரம் யூரியாவை நன்றாகவே அகற்றியது. பழைய உறைபனி தோலிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. பாஸ்பேட்டை அதே திறத்தோடு அகற்ற அதனால் முடியவில்லை; பாஸ்பேட்டின் பெரும்பகுதி உயிரணுக்களுக்குள்ளும் எலும்பிலும் இருக்கிறது, அது இரத்தத்திற்கு மெதுவாகவே வந்து சேர்கிறது. வாரம் மும்முறை நான்கு மணிநேரம் நடக்கும் சுத்திகரிப்பு, இரண்டு சிறுநீரகங்கள் இரவும் பகலும் செய்த வேலைக்கு ஈடாகாது. தேங்கிய பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்கிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பெருத்து, எலும்பைக் கரைக்கும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கின்றன. இங்ஙனம் எலும்பு தளர்ந்து நாளம் இறுகும் நிலை, டயாலிசிஸ் நோயாளியின் புதிய விதியாயிற்று.

3. செல்யே கண்டதும் கருதியதும்

செல்யே அப்போதே உலகப் புகழ் பெற்றவர். வியன்னாவில் பிறந்து, பிராகில் பயின்று, கனடாவில் குடியேறியவர். 1936இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கடிதத்தின் மூலம், பல்வேறு தீங்குகளுக்கு உடல் ஒரே வகையான பொதுவினை ஆற்றுகிறது என்ற கருத்தை முன்வைத்தவர். 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் இன்று பேச்சுவழக்கில் பெற்றுள்ள பொருளுக்கு அவரே முதற்காரணர். உடல் தனக்கு நேரும் தாக்குதலுக்கு எவ்வாறு தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது என்பதே அவருடைய வாழ்நாள் வினா.

கால்சிஃபைலாக்சிஸையும் அவர் அக்கண்ணோட்டத்திலேயே பார்த்தார். வைட்டமின் டி வகை மருந்தோ பாராதைராய்டு இயக்குநீரோ எலியின் உடலை முதலில் 'பக்குவப்படுத்துகிறது'. பின்னர் முட்டை வெள்ளைக்கரு, இரும்பு முதலிய உலோக உப்புகள், முடியைப் பிடுங்குதல் போன்ற ஏதேனும் ஒன்று 'தூண்டுகிறது'. இரண்டுக்கும் இடையே குறிப்பிட்ட காலஇடைவெளி அமைந்தால் மட்டுமே சுண்ணாம்பு படிகிறது. தூண்டும் பொருளுக்கேற்பப் படியும் உறுப்பும் மாறுகிறது. ஒவ்வாமையின் இரண்டடுக்கு அமைப்பை இது ஒத்திருந்தது. 1902இல் ரிஷேவும் போர்த்தியேவும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு வைத்த 'அனாஃபைலாக்சிஸ்' என்னும் பெயரின் சாயலில், கால்சியத்தையும் 'காத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் சேர்த்து அவர் புதுப்பெயரை ஆக்கினார். சுண்ணாம்பு படிவது உடலின் தற்காப்பு என்ற எண்ணம் அப்பெயரிலேயே உறைந்திருந்தது. 1962இல் அதே தலைப்பில் பெருநூல் ஒன்றையும் அவர் வெளியிட்டார்.

செல்யே தேர்ந்தெடுத்த பொருட்கள் மருத்துவத்திற்குப் புதியவையல்ல. சிறுநீரக நோயால் எலும்பு கெடுவதற்கு 'ரீனல் ஆஸ்டியோடிஸ்ட்ரோபி' என்று 1943இல் பெயரிட்ட பீக்கிங் மருத்துவர்கள் லியூவும் சூவும், தம் நோயாளிகளிடம் பரிசோதித்துப் பார்த்தவை டைஹைட்ரோடேக்கிஸ்டெரால் என்னும் வைட்டமின் டி வகை மருந்தும் இரும்பும் ஆகும். எலியின் தோலைச் சுண்ணாம்பாக்கிய பொருள்களுள் இரண்டு, வேறொரு சூழலில் சிறுநீரக நோயாளிக்கு மருந்தாகவே நோக்கப்பட்டவை.

4. பெயர் மனிதனை அடைதல்

1960களின் இறுதியிலும் 1970களிலும் டயாலிசிஸ் பிரிவுகளில் விசித்திரமான தோல் அழுகல்கள் தென்படத் தொடங்கின. 1976இல் கிப்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புடைய 11 பேரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அதன் தலைப்பே 'மனிதரில் கால்சிஃபைலாக்சிஸ்' என்றுதான் தொடங்கியது. அன்று முதல் பெயர் நிலைத்துவிட்டது.

அப்பெயர் மருத்துவர்களுக்கு உதவியது என்பதை மறுக்கவியலாது. சிதறிக் கிடந்த நோயாளிகள் ஒரு பெயரின்கீழ்த் திரண்டனர். பாராதைராய்டு மிகைப்பைச் செல்யே பக்குவப்படுத்தும் காரணியாகக் காட்டியிருந்தமையால், அச்சுரப்பிகளை அறுத்தெடுப்பது இயல்பான சிகிச்சையாகத் தோன்றியது. சில நோயாளிகளின் புண்கள் அதன்பின் ஆறின, சிலருக்கு ஆறவில்லை.

ஆனால் நுண்ணோக்கியின் கீழ் இரண்டும் வெவ்வேறு. எலியில் சுண்ணாம்பு படிந்தது தோலின் திசுக்களில். மனிதனில் அது படிவது தோலுக்கும் தோலடிக் கொழுப்புக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் நுண்தமனிகளின் சுவரில். சுவர் இறுகுகிறது, உள்ளோடை குறுகுகிறது, இறுதியில் இரத்தம் உறைந்து அவ்வழி அடைபடுகிறது. குருதி கிடைக்காத தோல் மடிகிறது. வலிக்குக் காரணம் இக்குருதிப் பஞ்சமே. புண் தோன்றுமுன்பே வலி தொடங்குவதும் இதனாலேயே. இதில் தற்காப்பு என்று சொல்ல ஏதுமில்லை. 1990களின் இறுதியில் சிலர் 'கால்சிஃபிக் யுரீமிக் ஆர்ட்டீரியோலோபதி' என்ற நேர்பொருட்பெயரை முன்மொழிந்தனர். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களிடமும் இந்நோய் அரிதாகக் காணப்பட்டமையால் அப்பெயரும் முழுமையாகப் பொருந்தவில்லை. பிழையென்று தெரிந்தும் செல்யேயின் பெயரே இன்றும் வழக்கில் உள்ளது.

5. மருந்துகளின் பங்கு

இந்நோயின் வரலாற்றில் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய பகுதி, ஒரு தீங்கை நீக்க வந்த மருந்து இன்னொரு தீங்கிற்கு வழிவிட்ட கதையாகும்.

பாஸ்பேட்டைக் குடலிலேயே கட்டிப்போட முதலில் அலுமினியம் ஹைட்ராக்சைடு பயன்பட்டது. 1976இல் டென்வரைச் சேர்ந்த ஆல்ஃப்ரேயின் குழு, டயாலிசிஸ் நோயாளிகளிடம் கண்ட மூளைச்சிதைவை அலுமினியத்தோடு தொடர்புபடுத்தியது. எனவே அலுமினியம் மெல்லக் கைவிடப்பட்டு, கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் அசிடேட்டும் அவ்விடத்தைப் பிடித்தன. சிறுநீரகமே வைட்டமின் டியைச் செயல்வடிவாக மாற்றுகிறது என்பது 1970களின் தொடக்கத்தில் தெளிவானபின், கால்சிட்ரியால் என்னும் அச்செயல்வடிவமும் மருந்தாக வந்தது. எலும்பைக் காப்பதில் இவை பயன்பட்டன. அதே வேளையில், நோயாளியின் உடலில் கால்சியத்தின் சுமையையும் ஏற்றின. 2000ஆம் ஆண்டில் குட்மனும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, டயாலிசிஸ் செய்துகொள்ளும் இளவயதினரின் இதயத் தமனிகளிலேயே சுண்ணாம்பு மிகுந்திருப்பதைக் காட்டி மருத்துவ உலகை உலுக்கியது. கால்சியம் இல்லாத பாஸ்பேட் கட்டுப்பொருளான செவலமர் 1990களின் இறுதியிலேயே வழக்கிற்கு வந்திருந்தது. 2004இல் பாராதைராய்டைக் கட்டுப்படுத்தும் சினகால்செட் வந்தது. சினகால்செட்டைப் பற்றிய 'எவால்வ்' பேராய்வின் பங்கேற்பாளர்களை 2015இல் மறுபடி ஆராய்ந்தபோது, மருந்து பெற்ற பிரிவில் 6 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் 18 பேருக்கும் கால்சிஃபைலாக்சிஸ் வந்திருந்தது தெரிந்தது.

இன்னொரு மருந்து வார்ஃபரின். வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்ததன் காரணத்தைத் தேடியதில் தொடங்கிய ஆராய்ச்சி, விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்கின் ஆய்வகத்தில் முடிந்தது. 1948இல் வார்ஃபரின் எலிப்பாஷாணமாகச் சந்தைக்கு வந்து, 1950களில் மனிதருக்கு இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தாயிற்று. வைட்டமின் கேயின் செயலைத் தடுப்பதே அதன் வழி. அவ்வைட்டமினுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது நெடுநாள் கழித்தே புரிந்தது. தமனிச் சுவரில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் 'மேட்ரிக்ஸ் கிளா புரதம்' செயற்பட வைட்டமின் கே வேண்டும். 1997இல் அப்புரதம் இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிகள், தமனிகள் சுண்ணாம்பேறி வெடித்து இரண்டு மாதங்களுக்குள் இறந்தன. டயாலிசிஸ் நோயாளிகளுள் வார்ஃபரின் உட்கொள்வோருக்கு கால்சிஃபைலாக்சிஸ் வரும் ஆபத்து ஏன் மிகுதி என்பதற்கு இங்கே விளக்கம் கிடைத்தது.

2000ஆம் ஆண்டில் ஜோனோ, ஜியாகெல்லி முதலியோர் நடத்திய ஆய்வு இன்னும் ஆழமான மாற்றத்தைக் கொணர்ந்தது. பாஸ்பேட் மிகுந்த ஊடகத்தில் வளர்க்கப்பட்ட மனிதத் தமனித் தசையணுக்கள், எலும்பணுக்களின் பண்புகளை மேற்கொள்ளத் தொடங்கின. பழைய நீர்க்குழாயில் உப்புப் படிவதுபோல் சுண்ணாம்பு தானே படிகிறது என்ற எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது. ஃபிர்ச்சோவின் காலத்திலிருந்து நிலவிய 'இடம்பெயர்ந்த சுண்ணாம்பு' என்ற சித்திரத்தோடு, எலும்பாக மாற முயலும் தமனி என்ற புதிய சித்திரமும் சேர்ந்தது.

6. ஹைப்போவும் நம்பிக்கையும்

புகைப்பட நிலையங்களின் இருட்டறையில் 'ஹைப்போ' என்று அழைக்கப்பட்ட சோடியம் தயோசல்பேட்டை அறியாத பழைய தலைமுறைப் புகைப்படக்காரர் இல்லை. வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்பதை 1819இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தார்; படத்தை நிலைப்படுத்த அது பயன்பட்டது. சயனைடு நஞ்சுக்கு முறிவாகவும் ஆயிற்று. 1985இல் கிரேக்க மருத்துவர் யாட்சிடிஸ் அதைச் சிறுநீரகக் கற்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார். 2004இல் சிகோனேயும் பிறரும் கால்சிஃபைலாக்சிஸ் நோயாளி ஒருவருக்கு அதை நரம்புவழிச் செலுத்தி, வலி தணிந்து புண் ஆறியதைப் பதிவு செய்தனர். கைவிடப்பட்ட நோய் என்ற நிலையில், அவ்வொற்றை நோயாளியின் செய்தி உலகெங்கும் பரவியது. சில ஆண்டுகளில் அதுவே வழக்கமான சிகிச்சையாயிற்று.

ஆனால் 2023இல் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, அம்மருந்தால் புண்ணோ ஆயுளோ மேம்பட்டதென உறுதிசெய்ய முடியவில்லை. நோய் அரிதானது, அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளுள் ஏறத்தாழ 35 பேர், ஜெர்மனியில் ஏறத்தாழ 4 பேர், ஜப்பானில் ஒருவருக்கும் குறைவு என்று மதிப்பீடுகள் கூறுகின்றன. இத்தகைய நோய்க்குச் சீரான ஒப்பீட்டு ஆய்வு நடத்துவது கடினம். எனவே மருத்துவர் தம் அனுபவத்தையும் நம்பிக்கையையும் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இந்நோய்க்கென்றே நிறுவப்பட்ட ஐயத்திற்கிடமற்ற மருந்து இன்னும் இல்லை. கால்சியம், வைட்டமின் டி, வார்ஃபரின் ஆகியவற்றை மறுபரிசீலனை செய்தல், டயாலிசிஸை மிகுத்தல், புண்ணைப் பேணுதல், நோய்த்தொற்றைத் தடுத்தல், வலியைத் தணித்தல் ஆகியவையே சிகிச்சையின் தூண்கள். வலி தணிப்பிலும் எச்சரிக்கை வேண்டும். மார்ஃபினின் சிதைவுப்பொருள்கள் சிறுநீரகம் இல்லாத உடலில் தேங்கி நஞ்சாகும்; எனவே ஃபென்டனில் போன்ற மாற்று வலிநிவாரணிகளை நாட வேண்டியிருக்கும்.

7. இந்தியாவில் இவ்வரலாற்றின் பொருள்

இந்திய மருத்துவ இதழ்களில் இந்நோய் பெரும்பாலும் தனிநோயாளி அறிக்கைகளாகவே இடம்பெறுகிறது. நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. நீரிழிவுக்காரரின் உடலில் தோல் கறுத்து அழுகினால் 'சர்க்கரைப் புண்' என்றே முதலில் எவரும் எண்ணுவர். சர்க்கரைப் புண் பெரும்பாலும் பாதத்தில் தோன்றும், உணர்விழந்த காலில் வலி குறைவாக இருக்கும். தொடையிலும் வயிற்றிலும், ஆடை பட்டாலே அலறும் அளவிற்கு வலியோடு தோன்றும் புண்ணை அப்பெயரில் அடக்குவது தவறு. வெண்தோலை வைத்து எழுதப்பட்ட பாடநூல்கள் கூறும் ஊதாநிற வலைக்கோடுகள் கருநிறத் தோலில் எளிதில் புலப்படா. ஐயம் தீர்க்கத் தோலை வெட்டிச் சோதிப்பதும் ஆபத்தற்றதன்று. வெட்டிய இடமே புதுப்புண்ணாகலாம். ஆகவே விரலால் தொட்டுணரும் கடினமும், நோயாளி சொல்லும் வலியுமே இங்கே முதற்சான்றுகள்.

2016ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம், மாவட்ட மருத்துவமனைகள் வரை இயந்திரத்தைக் கொண்டுசேர்க்கும் நோக்கமுடையது. அது பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஆண்டுகளைத் தரும் முயற்சி. சியாட்டிலில் 1960களில் தொடங்கிய காலம் இந்தியாவின் சிற்றூர்களுக்கு இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. நோயாளி நீண்டு வாழும்போது, நீண்டு வாழ்வோருக்கே வரும் நோய்களும் அவரோடு வரும். செலவு தாங்காமல் வாரம் இருமுறையோடு டயாலிசிஸை நிறுத்திக்கொள்வோர் இந்நாட்டில் ஏராளம். அவர்களிடம் பாஸ்பேட் இன்னும் மிகுதியாகத் தேங்கும். இயந்திரத்தைத் தரும் திட்டம், மாதந்தோறும் பாஸ்பேட்டை அளப்பதையும், உரிய மருந்தையும், உணவு ஆலோசனையையும் சேர்த்துத் தராவிடில், எலும்பிலிருந்து நாளத்திற்குச் சுண்ணாம்பு செல்லும் பாதை திறந்தே கிடக்கும்.

1976இல் எழுதப்பட்ட அந்தப் 11 பேரின் வரலாறு இந்நாட்டின் டயாலிசிஸ் பிரிவுகளில் பணியாற்றும் செவிலியரும் தொழில்நுட்பரும் அறிய வேண்டியது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒவ்வொன்றும் நான்கு மணிநேரம், நோயாளியின் அருகில் இருப்பவர்கள் அவர்களே. தொடையில் இனம்புரியாத வலி என்று நோயாளி முதன்முதலில் சொல்லும்போது, தோல் இன்னும் நிறம் மாறாதிருக்கும். வார்ஃபரினை நிறுத்தலாமா, கால்சியத்தைக் குறைக்கலாமா என்று மருத்துவர் சிந்திப்பதற்குப் பயனுள்ள காலம் அதுதான்.